ரீகாலா, பைபேக்கா, கூப்பனா? லாரிக்காரர் அடுத்த வண்டிக்கும் அதே கம்பெனிக்குப் போவது எதனால்

நவி மும்பையில் களம்போலி இரும்பு மார்க்கெட்டைச் சுற்றி நிற்கும் வண்டிகளில் நாமக்கல், சங்ககிரி, சேலம் பதிவெண்களுக்குக் குறைவில்லை. லோடுக்குக் காத்திருக்கிற நேரத்தில் டீக்கடையில் ஓடுகிற பேச்சு பெரும்பாலும் ஒன்றுதான்: அடுத்த வண்டி டாடாவா, லேலாண்டா, பாரத் பென்ஸா, மஹிந்திராவா? மைலேஜ், ஸ்பேர், ரீசேல் மூன்றையும் அலசியதும் பேச்சு முடிந்துவிடும். இங்குள்ள சில உரிமையாளர்களுக்கு டியூ, இன்சூரன்ஸ், எஃப்.சி. கணக்குகளைப் பார்க்கிறவன் நான். நான்காவதாக ஒன்றையும் கேட்டே ஆகவேண்டும் என்பது என் எண்ணம். தயாரிப்பிலேயே குறை என்று தெரியவந்தால் அந்தக் கம்பெனி என்ன செய்யும்?

உலகத்தில் லாரி, பிக்கப் கம்பெனிகள் இந்த நிலையில் நான்கு விதமாக நடந்திருக்கின்றன. சிலர் மறைத்தார்கள். சிலர் வண்டியைக் கூப்பிட்டுச் சரிசெய்து கொடுத்தார்கள், இதுதான் ரீகால். சிலர் வண்டியையே திருப்பி வாங்கினார்கள், இது பைபேக். சிலர் அடுத்த வண்டிக்குத் தள்ளுபடிக் கூப்பன் நீட்டினார்கள்.

மறைத்த ஃபூசோ, மறைக்காத டொயோட்டா

2002 ஜனவரியில் யோகோஹாமாவில் ஓடிக்கொண்டிருந்த மிட்சுபிஷி கனரக வண்டி ஒன்றின் முன்சக்கரம் கழன்று உருண்டது. பிள்ளைகளோடு நடந்து போய்க்கொண்டிருந்த இளம் தாய் அது மோதி இறந்தார். சக்கரத்தைப் பிடித்திருக்கும் ஹப் உடைந்திருந்தது. கம்பெனி சொன்ன காரணம், வண்டியை வைத்திருந்தவர்கள் பராமரிப்பில் விட்ட கோட்டை. அதே ஆண்டு அக்டோபரில் யாமகுச்சியில் வேறொரு பாகத்தின் குறையால் லாரி டிரைவர் ஒருவர் உயிரிழந்தார். ஹப்பின் வடிவமைப்பிலேயே குறை என்று, மிட்சுபிஷி லாரிகளைத் தயாரிக்கும் ஃபூசோ கம்பெனி ஒத்துக்கொண்டது 2004 மார்ச்சில்தான். அப்புறம் அதிகாரிகள் கைதானார்கள். வாடிக்கையாளர் புகார்களைப் பல வருடங்களாக ஒளித்து வைத்ததாக 2000லேயே மாட்டிக்கொண்ட குழுமம் இது என்பதால் ஜப்பானில் யாரும் இதை மன்னிக்கத் தயாராக இல்லை. கடைசியில் மிட்சுபிஷி மோட்டார்ஸ் தன்னிடம் மிச்சமிருந்த ஃபூசோ பங்குகளை 2005ல் டைம்லர் கிரைஸ்லருக்கு இழப்பீடாகவே கொடுத்துவிட்டு வெளியேறியது. இன்று சென்னை அருகே ஒரகடத்தில் டைம்லரின் பாரத் பென்ஸ் தயாராகும் அதே ஆலையிலிருந்து ஃபூசோ பெயரிலும் வண்டிகள் கப்பலேறுகின்றன. பெயரைக் காப்பாற்ற முதலாளியே மாற வேண்டியிருந்தது.

இதற்கு நேரெதிரில் டொயோட்டாவின் டகோமா பிக்கப். 1995 முதல் 2000 வரை வந்த டகோமாக்களில் சேசிஸ் (வண்டியின் அடிச்சட்டம்) துரு ஏறி ஓட்டை விழுந்தது. பனிக்காலத்தில் அமெரிக்கச் சாலைகளில் கொட்டும் உப்பு மீது முழுப் பழியையும் போட்டுவிட்டு டொயோட்டா ஒதுங்கியிருக்கலாம். துருத்தடுப்புப் பூச்சு போதாமல் இருந்திருக்கலாம் என்று அது ஒத்துக்கொண்டது. 2008ல் சேசிஸ் துருவுக்கான வாரண்டியை 15 வருடமாக நீட்டியது. துரு துளைத்த வண்டிகளை, நல்ல நிலையில் இருக்கும் அதே வயது வண்டியின் சந்தை விலையில் ஒன்றரை மடங்கு கொடுத்துத் திருப்பி வாங்கியது. பத்து வருடம் ஓட்டித் தேய்ந்த வண்டிக்கு ஒன்றரை மடங்கு! அந்தப் பணத்தை வாங்கிக்கொண்டு அதே ஷோரூமில் புது டகோமாவுக்கு முன்பணம் கட்டுவது எவ்வளவு இயல்பாக நடந்திருக்கும் என்பதை யாரும் விளக்க வேண்டியதில்லை. சேசிஸ் செய்து கொடுத்த டானா நிறுவனத்திடமிருந்து 2011ல் 2.5 கோடி டாலரை டொயோட்டா வாங்கிக்கொண்டது தனிக் கதை. அந்தச் சண்டைக்குள் வாடிக்கையாளரை அது இழுக்கவில்லை.

பிந்தைய மாடல்களிலும் துரு தொடர்ந்தது. வழக்கு வந்தது. 2016ல் டகோமா, டண்ட்ரா, செகோயா சேர்த்து சுமார் 15 லட்சம் வண்டிகளுக்கு, 340 கோடி டாலர் வரை ஆகக்கூடிய சமரசம் ஏற்பட்டது. துரு 10 மில்லிமீட்டர் அல்லது அதற்கு மேல் துளைத்திருந்தால் சேசிஸையே மாற்றித் தரவேண்டும். இவ்வளவுக்குப் பிறகும் அந்த அளவு பிக்கப்களில் அமெரிக்காவில் அதிகம் விற்பது டகோமாதான்.

இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் பணத்தைவிடப் பெரிய வித்தியாசம் ஒன்று தெரிகிறது. பழியை யார் தலையில் போட்டார்கள் என்பதுதான் அது. நம் ஊர் லாரிக்காரர்களுக்கு இது நன்றாகப் புரியும். பட்டறை வாசலில் வண்டி நுழைந்ததும் கேட்கிற முதல் வார்த்தை "ஓவர்லோடு".

எனக்குத் தெரிந்த சங்ககிரிக்காரர் ஒருவர், இரும்புத் தகட்டுச் சுருள் (காயில்) ஏற்றும் டிரெய்லர் வைத்திருப்பவர், இப்படித்தான் நின்றார். பெயர் சொல்ல வேண்டாத ஒரு கம்பெனியின் சர்வீஸ் சென்டரில், ஹப்பைக் கழற்றிப் பார்ப்பதற்கு முன்பே ஜாப் கார்டில் "அதிகப் பாரம், சந்தேகம்" என்று எழுதிவிட்டார்கள். அவர் எடைமேடைச் சீட்டுகளைத் தேதிவாரியாகக் குத்தி ஒரு பாலிதீன் உறையில் வைத்திருந்தார். ஒவ்வொன்றாக மேசையில் பரப்பினார். சென்டர்காரர்கள் சீட்டைப் பார்க்கவே இல்லை. ஹப் செலவு முழுக்க அவர் கையிலிருந்து போனது. சில மாதம் கழித்து அதே பாகத்தை, அதே மாடல் வண்டிகளுக்கு "சர்வீஸ் கேம்பெயின்" என்ற பெயரில் அதே சென்டரில் இலவசமாக மாற்றிக் கொடுத்தார்கள். "காசு போனது போகட்டும் தம்பி, என்னை ஏமாத்துக்காரன் மாதிரி நிக்க வெச்சுட்டாங்க" என்றார். மைலேஜில் அந்த வண்டி மேல் அவருக்கு இன்றும் குறை கிடையாது. ஆனால் அடுத்து வாங்கியது வேறு கம்பெனி. மச்சானுக்கு வாங்கிக் கொடுத்ததும் வேறு கம்பெனி.

கட்டாயத்தில் வந்த பைபேக்: ராம்

ஃபியட் கிரைஸ்லரின் கதை இடையில் நிற்கிறது. ரீகால் அறிவித்துவிட்டு வேலையை ஒழுங்காக முடிக்காததால் 2015 ஜூலையில் அமெரிக்கச் சாலைப் பாதுகாப்பு அமைப்பு 10.5 கோடி டாலர் அபராதம் போட்டது. ஸ்டியரிங், சஸ்பென்ஷன் கோளாறு இன்னும் சரிசெய்யப்படாத ராம் பிக்கப் முதலான தன் வண்டிகளைத் திருப்பி வாங்க முன்வர வேண்டும் என்றும் சொன்னது. ரீகாலுக்கு உள்ளான வண்டிகள் ஐந்து லட்சத்துக்கு மேல். விலைக்குச் சூத்திரம்: வாங்கிய விலையில் தேய்மானத்தைக் கழித்து, மேலே 10 சதவீதம். நான்கே வருடத்தில், 2019ல், ராம் பிக்கப் அமெரிக்க விற்பனையில் செவர்லே சில்வராடோவை முந்தி இரண்டாமிடம் பிடித்தது. புது மாடலும் தள்ளுபடிகளும் கைகொடுத்தன என்பதால், பைபேக்தான் விசுவாசத்தைக் காப்பாற்றியது என்று இதிலிருந்து சொல்லிவிட முடியாது. ஆனால் ரீகால் என்ற சொல் ஒரு பிராண்டைக் கொன்றுவிடும் என்ற பயத்துக்கு ஆதாரம் இல்லை என்பது தெளிவு.

டகோமாவும் ராமும் பெரும்பாலும் சொந்த உபயோகத்துக்கான வண்டிகள். ஒரு வாரம் நின்றால் வீட்டில் வேறு கார் இருக்கும். பிழைப்புக்கு ஓடும் லாரிக்குச் சரியான ஒப்பீடு அடுத்தது.

கூப்பன் கொடுத்த நேவிஸ்டார்

அமெரிக்காவில் 2010ல் புகை விதி கடுமையானபோது மற்ற லாரிக் கம்பெனிகள் யூரியா ஊற்றிப் புகையைச் சுத்தம் செய்யும் எஸ்.சி.ஆர். முறைக்குப் போயின. நேவிஸ்டார் மட்டும் யூரியா தேவையில்லை, புகையில் ஒரு பகுதியை எஞ்சினுக்குள்ளேயே திருப்பி விடும் இ.ஜி.ஆர். முறை ஒன்றே போதும் என்று மேக்ஸ்ஃபோர்ஸ் எஞ்சின்களை இறக்கியது. (இ.ஜி.ஆர். என்றாலே மோசம் என்று இதற்குப் பொருளில்லை. பி.எஸ். 4 புகை விதிக் காலத்தில் அசோக் லேலாண்ட் இங்கே இ.ஜி.ஆரை வைத்தே வண்டி விற்றது. விதியின் அளவு வேறு.) 13 லிட்டர் எஞ்சின் விதியை எட்டவே இல்லை. வாங்கியவர்களின் வண்டிகள் ரோட்டில் இருந்த நேரத்துக்குப் போட்டியாகப் பட்டறையில் நின்றன. 2012ல் கம்பெனி தோல்வியை ஒத்துக்கொண்டு எஸ்.சி.ஆருக்கு மாறியது, தலைமை நிர்வாகி விலகினார். பழைய வண்டிகளை எடுத்துக்கொண்டு புதியது கொடுத்துப் பார்த்தார்கள். அந்தப் பழைய மேக்ஸ்ஃபோர்ஸ் வண்டிகள் விலை போகாமல் தேங்கி, கம்பெனியின் நஷ்டக் கணக்கில் ஏறின.

வாங்கியவர்கள் போட்ட வழக்கு 2019ல் 13.5 கோடி டாலர் சமரசத்தில் முடிந்தது. உரிமையாளருக்கு மூன்று வழி: வண்டிக்கு 2,500 டாலர் வரை ரொக்கம், அல்லது புது வண்டியில் 10,000 டாலர் வரை தள்ளுபடி, அல்லது செலவைப் பில்லோடு நிரூபித்தால் 15,000 டாலர் வரை. ரொக்கத்தைவிடத் தள்ளுபடி நான்கு மடங்கு. கைக்காசு வேண்டுமென்றால் குறைவு, எங்களிடமே திரும்பி வந்தால் அதிகம் என்பதுதான் இதன் பொருள். இரண்டு வண்டி வைத்திருந்து, பழுதால் தொழிலையே விட்டவனுக்கு அந்தக் கூப்பன் எதற்கு உதவும்? மிச்சமிருந்தவர்களும் வேறு பிராண்டுக்குப் போய் ஏழெட்டு வருடம் ஆகியிருந்தது. நேவிஸ்டாரின் சந்தைப் பங்கு அதற்கு வெகு முன்பே சரிந்துவிட்டது. 2021ல் ஃபோக்ஸ்வாகனின் டிராட்டன் அதை வாங்கியது. நான்கு வழிகளில் மறைப்பதற்கு அடுத்தபடியாக மோசமானது கூப்பன் என்பேன். போன விசுவாசத்தைத் தள்ளுபடி விலையில் திரும்ப வாங்கும் முயற்சி அது.

நம் ஊரில் என்ன இருக்கிறது

இந்தியாவில் 2012லிருந்து கம்பெனிகள் தாமாக ரீகால் செய்யும் வழக்கம் உண்டு. 2019ல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தில் 110ஏ பிரிவு வந்தது. 2021 ஏப்ரல் 1 முதல், ஏழு வருடத்துக்குட்பட்ட வண்டிகளுக்கு அரசே ரீகால் உத்தரவு போடலாம்; கேட்காவிட்டால் ஒரு கோடி ரூபாய் வரை அபராதம். முழு விலையைத் திருப்பித் தருவது, அல்லது அதே தரத்திலோ மேலாகவோ வேறு வண்டி தருவது, அல்லது சரிசெய்து தருவது என மூன்று வழியையும் சட்டம் சொல்கிறது. எது வேண்டும் என்பது உரிமையாளர் விருப்பம் என்று மட்டும் அதில் இல்லை.

நடைமுறையில் நாம் பார்ப்பது சரிசெய்து தருகிற ரீகால்தான். 2021 ஜூலையில் மஹிந்திரா 29,878 பிக்கப் வண்டிகளைத் திரவக்குழாய் மாற்றக் கூப்பிட்டது அந்த வகை. நல்லதுதான். ஆனால் லாரிக்காரரின் உண்மையான நஷ்டம் பாகத்தின் விலையில் இல்லை, நிற்கிற நாளில் இருக்கிறது. மாதம் ஒரு லட்சம் டியூ என்று வைத்துக்கொள்வோம். வண்டி அசையாவிட்டாலும் ஒரு நாளைக்கு 3,300 ரூபாய் போய்க்கொண்டே இருக்கும். டிரைவர் சம்பளம், இன்சூரன்ஸ், கைவிட்ட லோடு எல்லாம் அதற்கு மேல்.

இந்தக் கணக்கைத் தொட்டது நேவிஸ்டாரின் பழைய கூட்டாளி. புனே அருகே சாகணில் நேவிஸ்டாரோடு சேர்ந்து லாரி தொடங்கிய மஹிந்திரா, அந்தக் கூட்டு முடிந்தபின் 2016ல் பிளேசோ லாரியை இறக்கியபோது "அதிக மைலேஜ் கிடைக்காவிட்டால் வண்டியைத் திருப்பிக் கொடுங்கள்" என்று உத்தரவாதம் தந்தது. வழியில் நின்றால் 48 மணி நேரத்தில் ஓடவைப்போம், தவறினால் நாளுக்கு 1,000 ரூபாய்; பட்டறையில் 36 மணி நேரத்தைத் தாண்டினால் நாளுக்கு 3,000 ரூபாய் என்றும் சேர்த்தது. டாடா, லேலாண்ட் போல ரீசேல் பெயர் இல்லாத கம்பெனி, நம்பிக்கைக்குப் பதில் எழுத்தில் உறுதி கொடுத்தது. மேலே போட்ட கணக்கில் அந்த 3,000 டியூவை ஏறக்குறைய தொடுகிறது, 1,000 தொடவில்லை. ஆனாலும் நிற்கிற நாளுக்கு ஒரு விலை உண்டு என்று ஒத்துக்கொண்டதே பெரிய விஷயம். என் கண்ணில் திருப்பி வாங்குகிற வாக்குறுதியைவிட இதுதான் மதிப்பு.

ஏனென்றால் பைபேக் இங்கே சுலபமில்லை. வண்டி ஃபைனான்ஸில் இருக்கும். கடன் முடிந்ததற்கான கடிதமும், ஆர்.சி.யிலிருந்து ஃபைனான்ஸ் பெயரை நீக்கும் 35ஆம் படிவமும் வராமல் பெயர் மாறாது. நம்மவர்கள் பலர் சேசிஸ் மட்டும் வாங்கி, பாடியை நாமக்கல்லிலோ சங்ககிரியிலோ தனியாகக் கட்டுகிறார்கள். "முழு விலை" என்று சட்டம் சொல்வதில் அந்த பாடிக் காசு சேருமா? சாலை வரி, பெர்மிட், புதிதாகப் போட்ட டயர்? கம்பெனி சேசிஸ் பில்லைத்தான் நீட்டும். செகண்ட் ஹேண்டில் வாங்கியவர் நிலை இன்னும் மோசம். ரீகால் தகவல் முதல் உரிமையாளரின் பழைய போன் நம்பருக்குப் போகும். அவர் வண்டியை விற்று எத்தனையோ நாளாகியிருக்கும்.

ஆகவே ஒற்றை வண்டிக்காரருக்கு என் சிபாரிசு, சீக்கிரம் சரிசெய்து, நிறுத்திய நாளுக்குக் காசு தரும் கம்பெனி. அவருக்குப் பைபேக் என்றால் லோடு இல்லாத மாதங்கள், மறுபடி லோன், மறுபடி பாடி. இருபது முப்பது வண்டி வைத்திருப்பவருக்குப் பைபேக் பொருந்தும். அவருக்கு ஓட்ட வேறு வண்டி இருக்கிறது, பேரம் பேசும் பலமும் இருக்கிறது. அவரும் டொயோட்டா போலச் சந்தை விலைக்கு மேல் கொடுத்தால்தான் ஒப்புக்கொள்ள வேண்டும். தள்ளுபடிக் கூப்பன் யாருக்கும் வேண்டாம், ரொக்கத்தைக் கேளுங்கள்.

ஷோரூமில் முன்பணம் கட்டுவதற்கு முன் மூன்று விஷயத்தை டீலரின் லெட்டர்பேடில் எழுதி வாங்குங்கள்: ரீகால் வேலைக்கு வண்டி நின்றால் நாளுக்கு எவ்வளவு, திருப்பி வாங்கினால் பாடிக் காசு சேருமா, வாரண்டி மறுக்குமுன் எடைமேடைச் சீட்டைப் பார்ப்பார்களா. பழைய வண்டி வாங்குகிறவர்கள் பணம் கைமாறும் முன்பே சேசிஸ் நம்பரைக் கம்பெனி சர்வீஸ் சென்டரில் கொடுத்து, நிலுவையில் ரீகால் வேலை இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, உங்கள் போன் நம்பரை அதே கவுண்டரில் பதிந்துவிட்டு வாருங்கள்.