கடலோர ஃபிளாட்டின் ஜோடனை, சில மழைக்காலங்களுக்குப் பிறகு

சென்னை திருவான்மியூரில் மருந்தீஸ்வரர் கோயிலைத் தாண்டிக் கடல் பக்கமாக எங்களுக்கு ஒரு பழைய ஃபிளாட் இருக்கிறது. தொண்ணூறுகளில் கட்டியது, இரண்டு படுக்கையறை, மொசைக் தரை. 2019-ல் அதை வாடகைக்கு விடப் புதுப்பித்தபோது, வெள்ளையடிப்பதோடு நிறுத்த என் கணவருக்கு மனசில்லை. கட்டுமான நிறுவனங்கள் மாடல் ஃபிளாட்டை ஜோடிக்கிறார்களே, அந்த மாதிரி ஆளை வாசலிலேயே பிடித்துப்போட வேண்டும் என்றார். அலங்கார வேலைக்கு ஒரு ஆளைப் பிடித்து, ஃபால்ஸ் சீலிங், வால்பேப்பர், எல்.ஈ.டி. பட்டை, லூவர் பேனல் (வரிவரியாகப் பள்ளம் விட்ட சுவர்ப் பலகை) என்று எல்லாம் செய்தோம். 2022-ல் குடியிருந்தவர்கள் காலி செய்ததும் நாங்களே வந்துவிட்டோம். ஆக, ஒரே ஜோடனையை வீடு காட்டுகிறவளாகவும் பார்த்திருக்கிறேன், அதற்கு ஒட்டடை அடிக்கிறவளாகவும் பார்த்துக்கொண்டிருக்கிறேன். புகைப்படத்தில் எடுபட்டவற்றில் பாதிகூட இந்தக் கடற்காற்றில் எடுபடவில்லை.

மாடல் ஃபிளாட்டின் சூட்சுமமே அதில் இல்லாதவைதான். கேஸ் சிலிண்டர் இருக்காது, துணிக்கொடி இருக்காது, செருப்பு இருக்காது. கட்டில் கொஞ்சம் சின்னதாக இருக்கும். அலமாரிக்குக் கதவே இருக்காது, திறந்தால் இடிக்கும் என்பதால். எங்கள் வீட்டிலும் அப்படித்தான், காட்டும் நாட்களில் சோபா, ஊண்மேசை, இரண்டு விளக்கு மட்டும் வைத்திருந்தோம். இது நன்றாக வேலை செய்தது என்றே சொல்வேன். காலி அறையைப் பார்க்கிறவர்களுக்கு அளவு பிடிபடுவதில்லை. மேசை போட்டும் நடக்க இடம் இருப்பதைக் கண்ணால் பார்த்தால் சந்தேகம் போய்விடுகிறது. ஆனால் வந்த பெண்களில் பலர் நேராகச் சமையலறைக் குழாயைத்தான் திறந்தார்கள். மெட்ரோ தண்ணியா, போரா, லாரியா என்ற கேள்விக்குப் பிறகுதான் சுவரில் இருந்த பூவேலைப்பாடு அவர்கள் கண்ணில் பட்டது.

முதலில் வால்பேப்பர், ஏனென்றால் முதலில் போனதும் அதுதான். குளியலறைக்கு முதுகு காட்டும் படுக்கையறைச் சுவரில் ஒட்டியிருந்தோம். சாம்பல் நிறம், தங்கக் கோடு, படத்தில் ஓட்டல் அறை மாதிரி இருந்தது. இரண்டாவது ஐப்பசி மழையில் ஓரங்கள் சுருண்டன. கிழித்துப் பார்த்தால் பின்னால் கறுப்புப் புள்ளியாகப் பூஞ்சை. வினைல் பூசிய தாள் மூச்சு விடாது. சுவருக்குள் இருக்கும் ஈரம் வெளியே வர வழியில்லாமல் பசையையும், பெயின்ட்டுக்கு முன் சுவரை மட்டப்படுத்தப் பூசும் பட்டியையும் ஊறவைத்துவிடுகிறது. தாளை உரித்தபோது பட்டியும் பொருக்குப் பொருக்காகக் கூடவே வந்தது. மதுரை, கோவை மாதிரி ஊர்களில், உள்பக்கச் சுவரில், இது பல வருஷம் தாங்கலாம். கடலுக்கு ஒரு கிலோமீட்டருக்குள் இருக்கிறவர்கள் அந்தக் காசில் நல்ல திரைச்சீலை வாங்கிக்கொள்ளலாம்.

வால்பேப்பரின் கதை உண்மையில் ஓதத்தின், அதாவது சுவரில் ஏறும் ஈரத்தின் கதை. சென்னையில் வடகிழக்குப் பருவமழை பெயருக்கு ஏற்ற திசையிலிருந்து சாய்ந்து அடிக்கும். வடக்கு, கிழக்குச் சுவர்கள் முழுக்க நனையும். வெளிப்பூச்சில் மயிரிழை விரிசல் இருந்தால் போதும், தண்ணீர் உள்ளே இறங்கி, செங்கல்லிலும் சிமென்ட்டிலும் இருக்கும் உப்பைக் கரைத்துக்கொண்டு உள்பக்கம் வருகிறது. தண்ணீர் ஆவியாகும் இடத்தில் உப்பு பூத்து, பெயின்ட்டை உள்ளிருந்து தள்ளுகிறது. மேலே எத்தனை விலை உயர்ந்த எமல்ஷன் அடித்தாலும் இதற்கு ஒன்றும் ஆகாது, கொப்புளம் மட்டும் பளபளப்பாக இருக்கும். நாங்கள் குடிவந்த பிறகு வெளிச்சுவர் விரிசலை அடைத்து, மழை தாங்கும் பூச்சு அடித்து, குளியலறை டைல்ஸ் இடுக்குகளை மறுபடி நிரப்பினோம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்து நகரமே தண்ணீரில் நின்றபோது அந்தப் படுக்கையறைச் சுவர் காய்ந்தே இருந்தது. வீட்டுக்குள் வருகிற யாருக்கும் தெரியாத இந்தச் செலவுதான் வீட்டை அழகாக்கியது என்று சொன்னால் என் கணவர் இப்போதும் சிரிக்கிறார்.

அதே புயலில் கூடத்து ஃபால்ஸ் சீலிங் அடி வாங்கியது. மேல் வீட்டு பால்கனி வழியாக இறங்கிய தண்ணீர் ஜிப்சம் பலகைக்கு மேலே தேங்கி, முதலில் தேநீர்க் கறை மாதிரி ஒரு வட்டம், பிறகு தொங்கல். அந்தத் துண்டை அறுத்தெடுத்துப் புதுப் பலகை வைத்தோம். நிறம் பொருந்தவில்லை, மொத்தக் கூரைக்கும் மறுபடி பெயின்ட். கீழ் தளங்களில் இருப்பவர்களுக்கு இன்னொரு விஷயம்: மேல் வீட்டுக் கசிவு எங்கே தொடங்குகிறது என்பதே பலகை மறைப்பதால் தெரியாமல் போகும். பழைய வீடுகளில் கூரை உயரமும் தாராளமில்லை. அதில் அரையடிக்கு மேல் ஃபால்ஸ் சீலிங்குக்கே கொடுத்துவிட்டு, மின்விசிறிக் கம்பியையும் வெட்டினால், உயரமான உறவினர் ஒருவர் சட்டை கழற்றக் கையைத் தூக்கும்போது எனக்கு நெஞ்சு பதறுகிறது. நன்மையே இல்லை என்று சொல்ல மாட்டேன். பழைய வீட்டில் சுவரை உடைக்காமல் புது ஒயரிங் ஓட்ட அது உதவியது. ஓரத்தில் மட்டும் பெட்டி கட்டி நடுவைத் திறந்து விட்டிருந்தால் போதும்.

அந்த ஃபால்ஸ் சீலிங்கின் பள்ளத்தில் ஓடிய எல்.ஈ.டி. பட்டையைப் பற்றி. ரிச்சி தெருவில் வாங்கிய மலிவுச் சுருள், வீடு காட்டும் மாதங்களில் ராஜாவாக இருந்தது. அப்புறம் அதற்கு மின்சாரம் கொடுக்கும் டிரைவர் பெட்டி போனது. புதிது போட்டால் பட்டையில் ஒரு துண்டு மங்கலாகவும் ஒரு துண்டு பச்சையாகவும் எரிந்தது. மழைக்காலத்தில் ஈசல் அந்தப் பள்ளத்தில் விழுந்து செத்துக் கிடக்க, விளக்கு போட்டதும் அதன் நிழல் கூரையில் தெரியும். இப்போது அதை எரிப்பதே இல்லை. ஆனால் விளக்கின் நிறத்தில் கவனம் வைத்தது நல்ல பலன் தந்தது. நம் வீடுகளில் வெள்ளை வெளேரென்ற 6500 கெல்வின் ட்யூப்லைட் போடாவிட்டால் வெளிச்சமே இல்லை என்பார்கள். மாமியாருக்கு இன்றைக்கும் கூடத்தில் இருக்கும் 3000 கெல்வின் மஞ்சள் விளக்கு 'கரண்ட் கம்மியா இருக்கிற மாதிரி' தான். ஆனால் மாலையில் மரச் சாமானும் பருத்தித் துணியும் அந்த மஞ்சளில்தான் உயிரோடு தெரிகின்றன. சமையலறைக்கு 4000 போட்டிருக்கிறேன், கீரையில் பூச்சி தெரிய வேண்டுமே. கெல்வினைவிட முக்கியமான எண் சி.ஆர்.ஐ., பொருட்களின் நிறத்தை விளக்கு எவ்வளவு உண்மையாகக் காட்டுகிறது என்ற அளவு. அது 90-க்கு மேல் இருக்கும் பல்பு கிடைத்தால் விடாதீர்கள். தக்காளி தக்காளி நிறத்தில் இருக்கும், விருந்தாளி முகமும் காய்ச்சல்காரர் முகமாகத் தெரியாது.

டி.வி.க்குப் பின்னால் இருக்கும் லூவர் பேனல் இளம் தம்பதிகளுக்கு மிகவும் பிடித்தது. இப்போதும் கெடவில்லை. ஒவ்வொரு வரிப்பள்ளத்திலும் தூசி. பல் துலக்கும் பிரஷ்ஷை வைத்துக்கொண்டு சுவரைத் தேய்க்க நேரமிருப்பவர்கள் தாராளமாகப் போடலாம்.

இனி தரையில் பதிக்கும் ஆத்தங்குடிக் கல். மொத்த வேலையிலும் எனக்கு மனநிறைவு தந்தது இது ஒன்றுதான். நடையிலும் பூஜை அலமாரிக்கு முன்னாலும் மட்டும் பதித்தோம். காரைக்குடிக்குப் பக்கத்தில் ஆத்தங்குடியில் கையாலேயே செய்கிறார்கள். கண்ணாடித் துண்டின் மேல் இரும்புச் சட்டம், அதற்குள் பூ வடிவ அச்சு, அச்சின் ஒவ்வொரு அறைக்குள்ளும் சிமென்ட்டில் சாயம் கலந்த குழம்பு. அச்சை மெல்லத் தூக்கிவிட்டு, மேலே உலர்ந்த கலவையைத் தூவி, ஈரக் கலவையை நிரப்பி மட்டப்படுத்துகிறார்கள். பிறகு தண்ணீர்த் தொட்டியில் ஊறவிட்டுக் காயவைக்கிறார்கள். சூளையே இல்லை. கண்ணாடியில் பட்ட முகம்தான் வழவழப்பு. அதனால் இரண்டு கல் ஒன்றுபோல இருக்காது. இலை ஓரம் ஒன்றில் தடித்திருக்கும், இன்னொன்றில் சாயம் லேசாக வழிந்திருக்கும். பளிங்கு மாதிரி வரும் விட்ரிஃபைடு டைல்ஸுக்குப் பழகிய கண் முதலில் இதைக் குறையாகத்தான் பார்க்கும்.

பதிக்கும்போது கவனிக்க வேண்டியவை உண்டு. கல் கனம் அதிகம். பழைய மொசைக்கின் மேலேயே ஒட்டினால் தரை உயர்ந்து கதவு இடிக்கும். எங்களுக்கு மொசைக்கைக் கொத்தி எடுக்க வேண்டியதாயிற்று. இடுக்கு விடாமல் நெருக்கிப் பதித்தால்தான் கோலம் தொடர்ந்து வரும். வேலை முடிந்ததும் கொத்தனார் சிமென்ட் கறை போக ஆசிட் ஊற்றிக் கழுவுவது நம் ஊர்ப் பழக்கம். இந்தக் கல்லில் ஆசிட் பட்டால் மேல்முகம் வெந்துபோகும், திரும்ப வராது. குடியிருந்தவர்கள் வீட்டில் வேலைக்கு வந்த அம்மா நல்லெண்ணத்தில் குளியலறை ஆசிட்டை நடையிலும் ஊற்றித் தேய்த்துவிட்டார். செருப்பு ஸ்டாண்டுக்கு அடியில் இருக்கும் நான்கு கல் அதற்குச் சாட்சி. எலுமிச்சை, புளி, ரசம் சிந்தினாலும் உடனே துடைத்துவிட வேண்டும்.

முதல் சில மாதம் மங்கலாகவே இருந்தது, தரகர்கூட 'பழைய கல்லா மேடம்?' என்று கேட்டார். தண்ணீரால் துடைத்துவிட்டு, வாரத்துக்கொரு தரம் துணியில் சில சொட்டுத் தேங்காய் எண்ணெய் விட்டு மறுபடி துடைத்தோம். எண்ணெய் கூடினால் வழுக்கும், தூசியும் ஒட்டும். நடமாட்டம் ஏற ஏறப் பளபளப்பு வந்தது. மற்ற எல்லாமே புதிதாக இருந்த அன்றுதான் அழகு, இது மட்டும் வருஷத்துக்கு வருஷம் தேறிக்கொண்டு வருகிறது. வீட்டைச் சீக்கிரம் விற்றுவிட நினைப்பவர்களுக்கு இதனால் லாபமில்லை. இருந்து வாழப் போகிறவர்களுக்கு உண்டு.

சமையலறையில் கைப்பிடியே இல்லாத கறுப்பு அக்ரிலிக் கதவுகள். விரல்ரேகை நிபுணர்களுக்கு ஏற்றவை. தாளித்த எண்ணெய்ப் பிசுக்கு, திறக்கும் பள்ளத்தில் போய் உட்கார்ந்துகொள்கிறது. சிங்க்குக்கு அடியில் பார்ட்டிகிள் போர்டு வைத்துவிட்டார்கள். ஈரம் பட்டு ஊறவைத்த ரஸ்க்காக உப்பிவிட்டது. அந்த ஒரு பெட்டியை ஐ.எஸ். 710 முத்திரையுள்ள மரைன் பிளைவுட்டில் மாற்றினோம், இதுவரை பழுதில்லை. கீல்கள்தான் கடற்காற்றின் முதல் பலி. சாதாரண இரும்புக் கீல்கள் துருப்பிடித்துக் கதவுகள் சாய்ந்தன. இந்தப் பகுதியில் வீட்டு வேலை செய்விக்கிறவர்கள் மதிப்பீட்டுத் தாளில் கீலுக்கு 304 ரக எவர்சில்வர் என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். தாளில் இல்லாவிட்டால் வீட்டிலும் இருக்காது.

நிலைக்கண்ணாடியை ஜன்னலுக்கு எதிரே மாட்டினால் அறை பெரிதாகத் தெரியும் என்பது உண்மைதான். ஆனால் உப்புக்காற்றில் பின்பக்க ரசப்பூச்சு ஓரத்திலிருந்து கறுத்துக்கொண்டு வருகிறது. ஓரத்தை மூடும் சட்டம் போட்டதால் கொஞ்சம் தள்ளிப்போயிருக்கிறது, அவ்வளவே.

செடிகளில் ஸ்னேக் பிளான்ட்டும் மணிப்பிளான்ட்டும் சாகவே மறுக்கின்றன. கூடத்து மூலையில் வைத்த அரேகா பனை நுனி கருகி, பால்கனிக்கு மாற்றியபின் பிழைத்தது. மணிப்பிளான்ட்டைக் கண்ணாடிச் சீசாவில் தண்ணீரில் வைப்பது படத்துக்கு அழகு. டெங்கு கொசுப்புழு பார்க்க வரும் மாநகராட்சிப் பணியாளர் அந்தச் சீசாவைத்தான் முதலில் தூக்கிப் பார்ப்பார். மண்ணுக்கு மாற்றிவிட்டேன்.

செலவுக்கு அதிகப் பலன் தந்தது துணிதான். திரைக்கம்பியை ஜன்னல் சட்டத்துக்கு மேலேயே மாட்டாமல் கூரைக்கு ஒரு சாண் கீழே மாட்டி, துணியைத் தரை வரை விட்டதில் ஃபால்ஸ் சீலிங் தின்ற உயரம் கண்ணளவில் திரும்பி வந்தது. கரூர்ப் பருத்தித் துணி, தைப்பதற்கு முன்னாலேயே தண்ணீரில் போட்டு அலசிவிட்டேன். இல்லாவிட்டால் முதல் சலவையில் சுருங்கிக் கணுக்காலுக்கு ஏறிவிடும். சோபாவுக்கு முன்னால் பவானி ஜமுக்காளம். பட்டைக் கோடுகள், அழுத்தமான நெசவு, உதறினால் தூசி போய்விடும். இதே இடத்தில் முதலில் கிடந்த மெஷின் கம்பளம் ஈரத்தில் நாற்றமடித்து, மொட்டைமாடிக்குப் போனது, திரும்பவில்லை. படுக்கையறையில் பத்தமடைப் பாயை அலங்காரமாகச் சுவரில் மாட்டச் சொன்னார் அந்த அலங்கார ஆள். நாங்கள் அதில் படுக்கிறோம்.

அடுத்தது கிழக்குப் படுக்கையறை. அங்கே ஜன்னலுக்கு அடியில் இன்னும் உப்பு பூக்கிறது. பார்க்க வந்த பெயின்டர், "பேனல் அடிச்சு மூடிடலாம் மேடம், தெரியவே தெரியாது" என்றார். ஜன்னல் சன்ஷேடின் மேல்பூச்சை முதலில் சரிசெய்யச் சொல்லியிருக்கிறேன். அது முடிந்து சுவர் காய்ந்த பிறகு, ஈரத்தை வெளியே விடும் சுண்ணாம்பு அடிப்பதாக ஏற்பாடு. தை பிறந்ததும் வருவதாகச் சொல்லி முன்பணம் வாங்கிப் போயிருக்கிறார்.