மோஸ்ட் வான்டடா, மிட்டவுன் மேட்னஸா, டிராக்மேனியாவா? இன்றும் போட்டு ஆடத் தகுந்த பழைய கார் ரேஸ் எது

பழைய கார் ரேஸ் கேம்களில் எது சிறந்தது என்று கேட்டால் ஆளுக்கொரு பதில் வரும். என் கேள்வி இன்னும் குறுகியது. தனி கிராபிக்ஸ் கார்டு இல்லாத வீட்டு லேப்டாப் ஒன்று இருக்கிறது. விண்டோஸ் 10. பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகளும் நானும் மாறி மாறி ஆட, அதில் ஒரே ஒரு கேம் போட்டுவைப்பதென்றால் எதைப் போடுவது? நான் யோசித்தவை நீட் ஃபார் ஸ்பீட் மோஸ்ட் வான்டட் (2005), மிட்டவுன் மேட்னஸ் (1999), கிராண்ட் பிரி லெஜண்ட்ஸ் (1998), டிராக்மேனியா நேஷன்ஸ் ஃபாரெவர் (2008). போட்டது டிராக்மேனியாவைத்தான். அதனால் என் சாய்வு எந்தப் பக்கம் என்பதை இப்போதே தெரிந்துகொண்டு படியுங்கள்.

கிராபிக்ஸைப் பற்றிப் பேச அதிகமில்லை. எல்லாமே பழசு, பழசாகத்தான் தெரியும். எஞ்சின் சத்தத்தில் மோஸ்ட் வான்டடை மற்ற மூன்றும் நெருங்க முடியாது.

ஆட்டம் என்ற அளவில் மட்டும் பார்த்தால் மோஸ்ட் வான்டடுக்கு நான் இன்னமும் மதிப்புக் கொடுக்கிறேன். ராக்போர்ட் என்ற கற்பனை நகரம், ஒவ்வொருவராகத் தோற்கடிக்க வேண்டிய 15 தெரு ரேஸ்காரர்களின் 'பிளாக்லிஸ்ட்' பட்டியல், ஆரம்பத்திலேயே கைவிட்டுப் போகும் அந்த பி.எம்.டபிள்யூ எம்3 ஜிடிஆர், அதை ரேசர் என்ற வில்லனிடமிருந்து மீட்க வேண்டும் என்ற வெறி. ஆனால் அந்த கேமின் உயிர் போலீஸ் துரத்தலில்தான் இருக்கிறது. ரேஸ்களில் ஜெயித்தால் மட்டும் பட்டியலில் மேலே ஏற முடியாது, போலீஸோடு மோதிப் பேரும் எடுக்க வேண்டும். நாம் அடிக்கிற அளவுக்கு 'ஹீட்' என்ற துரத்தல் தீவிரம் ஏறும், வருகிற வண்டிகளும் பெரிதாகும். பெட்ரோல் பங்க் கூரையை இடித்துத் தள்ளிப் பின்னால் வரும் ஜீப்புகளை மடக்கலாம். தப்பிய பிறகும் தேடுதல் ஓயும்வரை எங்காவது பதுங்கிக் கிடக்க வேண்டும். இந்தப் பதற்றத்தை டிராக்மேனியாவில் தேடினால் கிடைக்காது.

மிட்டவுன் மேட்னஸின் அழகு வேறு. சிகாகோ நகரத்தை அப்படியே திறந்து விட்டுவிடுவார்கள். பஸ்ஸை எடுத்துக்கொண்டு எங்கே வேண்டுமானாலும் போகலாம். ஆற்றுப் பாலம் மேலே தூக்கும் நேரம் பார்த்துப் பறக்கலாம். நடந்து போகிறவர்கள் எப்படியும் துள்ளி விலகிவிடுவார்கள், யார் மேலும் வண்டி ஏறாது. சின்னப் பிள்ளைகளுக்குக் கொடுக்க இது நல்ல விஷயம். இதைச் செய்த ஏஞ்சல் ஸ்டூடியோஸ்தான் பிறகு ராக்ஸ்டார் சான் டியேகோ ஆனது.

கிராண்ட் பிரி லெஜண்ட்ஸ் 1967 ஃபார்முலா ஒன் பருவத்தை எடுத்துக்கொண்டது. காரைத் தரையோடு அழுத்திப் பிடிக்கும் இறக்கைகள் வருவதற்கு முந்தைய காலம் அது. வளைவில் டயர் பிடிப்பு மட்டும்தான் துணை. ஸ்டியரிங் வீல் இல்லாமல்தான் இதை ஆடியிருக்கிறேன், அதுவும் கொஞ்சமே. அதனால் என் தீர்ப்பை இதில் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். பிள்ளைகளோடு மாறி மாறி ஆடுவதற்கு இது ஆகாது என்பதை மட்டும் உறுதியாகச் சொல்வேன்.

சரி, முடிவு எதில் நின்றது? பராமரிப்பில். ஒரு பழைய கேமை இன்று வாங்க முடியுமா, போட்டால் ஓடுமா, நாளை லேப்டாப் மாறினாலும் ஓடுமா?

மோஸ்ட் வான்டட் டிஸ்க்கில் இருப்பது சேஃப்டிஸ்க் என்ற நகல் தடுப்பு. அதற்கு விண்டோஸின் ஆழத்தில் இயங்கும் டிரைவர் என்ற சிறு மென்பொருள் வேண்டும். பாதுகாப்புக் காரணத்துக்காக விண்டோஸ் 10 அதை ஏற்பதில்லை. ஆக, காசு கொடுத்து அசல் டிஸ்க் வாங்கியவர்கூட அந்தச் சோதனையைத் தாண்ட மாற்றுக் கோப்பு தேடி அலைய வேண்டும். அந்தக் கோப்பு கிடைக்கிற தளங்களை நம்பிப் பிள்ளைகள் தொடும் லேப்டாப்பைத் திறந்துவிட எனக்கு மனம் வரவில்லை. அப்புறம் அகலத் திரைக்கு ரசிகர்கள் செய்த பேட்ச் (திருத்தக் கோப்பு) ஒன்று தனியாகப் போட வேண்டும். மிட்டவுன் மேட்னஸ் இன்னும் பழையது. கேம்கள் படம் வரைய விண்டோஸில் பயன்படுத்தும் டைரக்ட்எக்ஸின் அந்தக் கால வடிவத்தை இன்றைய கிராபிக்ஸுக்குப் புரியவைக்க இடையில் ஒரு மென்பொருள் தேவைப்படும். விண்டோஸ் பெரிய அப்டேட் எடுக்கும்போதெல்லாம் இவை தாங்குமா என்ற கவலையும் கூடவே வரும்.

இவற்றை ஏன் திருத்தி மறுபடி விற்பதில்லை என்றால், அங்கே குறுக்கே வருவது உரிமம். நிஜ கார், நிஜப் பாட்டு இரண்டுக்கும் உரிமம் காலாவதி ஆகும், புதுப்பிக்கக் காசு வேண்டும். அன்று மோஸ்ட் வான்டடை விற்றுக் கொடுத்த லம்போர்கினியும் போர்ஷேயும்தான் இன்று அது கடைக்குத் திரும்பிவரத் தடையாக நிற்கின்றன. இதே நீட் ஃபார் ஸ்பீட் தொடரில் கார்பன், அண்டர்கவர் முதலான 5 கேம்களை 2021ல் டிஜிட்டல் கடைகளிலிருந்து எடுத்தேவிட்டார்கள்.

டிராக்மேனியாவில் ஓடும் கார் எந்தக் கம்பெனிக்கும் சொந்தமில்லை, பிரான்சின் நடேயோ நிறுவனம் தானே வரைந்தது. உரிமம் காலாவதியாகும் பிரச்சினையே அதற்கு இல்லை. வந்த நாளிலிருந்தே இலவசம். ஸ்டீம் என்ற ஆன்லைன் கேம் கடையில் இன்றும் கிடைக்கிறது, இறக்கினால் நேராக ஓடுகிறது, டிஸ்க் கேட்பதில்லை. ஆன்லைன் சர்வர்களை ஆட்டக்காரர்களே நடத்துவதால், ஒரு கம்பெனி கடையைச் சாத்தினாலும் எல்லாம் ஒரே நாளில் போய்விடாது.

ஆட்டமும் லேசுப்பட்டதல்ல. கூடவே வரும் டிராக்குகள் 65. பல டிராக்குகள் ஒரு நிமிடத்துக்குள் முடியும். தவறினால் ஒரு பட்டன், அடுத்த நொடியே மறுபடி தொடக்கக் கோட்டில். லோடிங் இல்லாததால் பிள்ளைகள் சலித்துக்கொள்வதில்லை, "இன்னும் ஒரே ஒரு தடவைப்பா" என்பதுதான் கேட்கிறது. நேரம் நொடியில் நூறில் ஒரு பங்கு வரை அளக்கப்படும். அதிர்ஷ்டத்துக்கு இடமே கிடையாது: அதே பட்டன்களை அதே கணத்தில் அழுத்தினால் கார் அதே வழியில்தான் போகும். ஓடிய ஓட்டத்தை மறுபடி பார்க்கச் சேமிக்கும் ரீப்ளே கோப்பில் அந்தப் பட்டன் பதிவும் இருக்கும். கேமின் வேகத்தைக் குறைத்துவைத்துச் சாதனை படைத்த சிலரை 2021ல் ஆட்டக்காரர்களே இந்தப் பதிவுகளை அலசித்தான் பிடித்தார்கள்.

டிராக் எடிட்டர் இன்னொரு பெரிய பலம். கார் பறக்க, தலைகீழாகச் சுற்ற நாமே பாதை கட்டும் யோசனை 1990ல் வந்த ஸ்டண்ட்ஸ் என்ற கேமிலேயே இருந்தது, டிராக்மேனியா அதைப் பல மடங்கு விரித்தது. எங்கள் வீட்டில் ஓட்டுகிற நேரத்தைவிட டிராக் கட்டுகிற நேரம்தான் இப்போது அதிகம்.

குறைகளும் உண்டு. கதை கிடையாது, போலீஸ் கிடையாது, ஊர்சுற்ற நகரம் கிடையாது. கார்கள் ஒன்றையொன்று ஊடுருவிப் போகும், இடித்துத் தள்ளிப் பழிவாங்க முடியாது. ஆன்லைனில் அடுத்தவர்கள் கட்டிய டிராக்குகளின் தரமும் ஒரே மாதிரி இருக்காது.

2020ல் வந்த புதிய டிராக்மேனியாவை நான் அதிகம் ஆடிப் பார்த்ததில்லை. அதில் இலவசமாகக் கிடைப்பது கொஞ்சம்தான், மீதிக்குச் சந்தா கட்ட வேண்டும், அதை வெளியிடும் யூபிசாஃப்ட் நிறுவனத்தின் கணக்கும் வேண்டும். பழையதைப் போடுகிறவர்கள் பெயரில் நேஷன்ஸ் ஃபாரெவர் என்று இருக்கிறதா என்று பார்த்து இறக்குங்கள். வெள்ளைக் கொடி போட்ட ஏ வரிசை டிராக்குகளில் தொடங்கினால் கீபோர்டிலேயே கை பழகிவிடும், தனியாக கன்ட்ரோலர் வாங்க வேண்டியதில்லை.