நிக்கொட்டின் சுவிங்கம் 2 மில்லிகிராம்: கர்ப்பிணிக்கும் பாலூட்டும் தாய்க்கும் உதவுமா?

சிகரெட், பீடி விடுவதற்கு உதவும். ஆனால் சாதாரண சுவிங்கம் மாதிரி மென்றால் காசும் வீண், நெஞ்சும் எரியும். மெதுவாக மெல்லவேண்டும், நாக்கில் காரம் தட்டியதும் நிறுத்தி, கன்னத்துக்கும் முரசுக்கும் நடுவே ஒதுக்கவேண்டும். காரம் அடங்கியபின் திரும்பவும் மென்று, மறுபக்கம் ஒதுக்கவேண்டும். ஒரு துண்டு அரை மணி நேரத்துக்கு. விடாமல் மென்றால் நிக்கொட்டின் எச்சிலோடு வயிற்றுக்குள் இறங்கி விக்கலும் குமட்டலும் வரும். மசக்கைக்காரிக்கு அது ஒன்றே போதும், பெட்டியைத் தூக்கி எறிய. புகையிலை அடக்கிப் பழகியவர்களுக்கு ஒதுக்கும் வித்தையைச் சொல்லித்தர வேண்டியதில்லை.

மலையகத்தில் இதைக் கெடுப்பது பிளேன்டீ. வாயில் காரத்தன்மை (நாக்கில் தட்டும் காரம் அல்ல, புளிப்புக்கு எதிரான சுண்ணாம்புத் தன்மை) இருந்தால்தான் கன்னம் நிக்கொட்டினை உறிஞ்சும். வெற்றிலையில் சுண்ணாம்பு செய்யும் அந்த வேலைக்காக, சுவிங்கத்தில் கார உப்பு சேர்க்கிறார்கள். தேத்தண்ணி, கோப்பி, தேசிக்காய்த் தண்ணீர் குடித்த வாயில் அது எடுபடாது. 15 நிமிடம் பொறுக்கவேண்டும். துண்டு வாயில் இருக்கும்போதும் குடிக்கக்கூடாது. பெரட்டுக்கு, அதாவது காலையில் தோட்ட வேலை பிரிக்கும் இடத்துக்கு, போகும் அவசரத்தில் தேத்தண்ணிக்கு மேலேயே போட்டால் ஒன்றும் தெரியாது.

கர்ப்பிணி தானாக வாங்கிப் போடுவது சரியில்லை. முதலில் ஆலோசனை, அதில் முடியாவிட்டால்தான் கிளினிக் டாக்டரின் சொல்படி இது. நிக்கொட்டின் குழந்தைக்கு நல்லதில்லை, ஆனால் இரத்தத்தில் ஒட்சிசனின் இடத்தைப் பிடிக்கும் காபனோரொட்சைட்டு புகையில்தான் உண்டு, இதில் இல்லை. கர்ப்பத்தில் உடம்பு நிக்கொட்டினை வேகமாகக் கரைப்பதால் புகைக்கும் தவனமும் சீக்கிரம் திரும்பும். அளவை டாக்டரே தீர்மானிக்கட்டும். அதிமதுரச் சுவையுள்ளது வேண்டாம். தோலில் ஒட்டும் நிக்கொட்டின் பட்டி தந்தால் இரவில் கழற்றிவிடவேண்டும்.

பிரசவத்துக்குப் பிறகுதான் பலர் திரும்பவும் புகைக்கத் தொடங்குகிறார்கள். அப்போதும் சுவிங்கத்தை டாக்டரிடம் கேட்டே தொடரவேண்டும். பால் கொடுத்து முடித்த கையோடு துண்டைப் போட்டால் நல்லது: இரத்தத்தில் உள்ள நிக்கொட்டின் ஏறக்குறைய 2 மணி நேரத்தில் பாதியாகும், அடுத்த பாலுக்குள் குறைந்துவிடும்.

வெற்றிலைக்காரருக்கு அரைகுறைப் பலன்தான். பாக்கின் கிறக்கத்தை இது தீர்க்காது. புகையிலை இல்லாத பாக்கும் புற்றுநோய் தரும். 10க்கு 12 அடி லயக் காம்பராவில் கணவர் பீடி பற்றவைத்தால், அதற்கும் இந்தப் பெட்டியில் மருந்தில்லை.

மென்ற துண்டில் நிக்கொட்டின் மிச்சமிருக்கும். தவழும் பிள்ளையின் கைக்கு எட்டாமல் கடதாசியில் சுற்றி எறியவும்.