சர்வதேச வேலைக்கு எது பொருந்தும்: தூய பொருளாதாரமா, வணிகம் கலந்த பொருளாதாரமா?

ஆங்கில வழியில் நடக்கும் இளநிலைப் பொருளாதாரப் படிப்புகளில், வெளிநாட்டு வேலையைக் குறிவைப்பவை பெரும்பாலும் இரண்டு வகை. ஒன்று, கணிதம் கனமாக உள்ள பி.எஸ்சி. பொருளாதாரம். மற்றது, கணக்கியல், நிதி, மார்க்கெட்டிங் எல்லாம் சேர்ந்த ‘சர்வதேசப் பொருளாதாரமும் வணிகமும்’. பெயரில் ‘சர்வதேச’ இருப்பது இரண்டாவதில். ஆனால் மேற்படிப்பு, ஆய்வு, கொள்கை வகுக்கும் வேலை என்று போக நினைப்பவருக்கு முதலாவதையே சொல்வோம்.

காரணம் கிரெடிட் கணக்கில் இருக்கிறது. ஐரோப்பாவில் மூன்றாண்டு இளநிலைப் படிப்புக்குப் பொதுவாக 180 ஈசிடிஎஸ் (ஐரோப்பியப் பொது அளவு) கிரெடிட்; ஒரு கிரெடிட்டுக்கு 25 முதல் 30 மணி நேர உழைப்பு. இந்த மொத்தம் அதிகரிக்காது. எனவே மார்க்கெட்டிங்குக்குக் கொடுத்தது வேறொன்றிலிருந்து எடுத்ததுதான். வெட்டுப்படுவது பல இடங்களில் நேரியல் இயற்கணிதமும், பொருளாதாரத் தரவைப் புள்ளியியலால் அளக்கும் எக்கனாமெட்ரிக்ஸின் இரண்டாவது தாளும். ஆராய்ச்சி சார்ந்த மாஸ்டர்ஸ் படிப்புகள் மதிப்பெண் பட்டியலில் தேடுவதும் இவற்றைத்தான்.

வர்த்தகத்தின் ஈர்ப்பு மாதிரியை எடுத்துக்கொள்ளுங்கள். இரு நாடுகளின் பொருளாதாரம் பெரிதானால் அவற்றுக்கிடையே வர்த்தகம் கூடும், தூரம் கூடினால் குறையும். 1962இல் டச்சுப் பொருளாதார அறிஞர் டின்பெர்கன் இதை அளந்து காட்டினார். வணிகம் கலந்த படிப்பில் இது ஒரு வகுப்போடு முடிந்து, நிறுவனம் எந்தச் சந்தையில் முதலில் இறங்கலாம் என்ற கேஸ் ஸ்டடிக்குப் போய்விடும். தூய பொருளாதாரத்தில் தரவைக் கையில் கொடுத்து ஸ்டேட்டா, ஆர் போன்ற புள்ளியியல் மென்பொருளில் ஓட்டச் சொல்வார்கள். அங்கேதான் சறுக்கும். பல நாட்டு இணைகளுக்கு இடையே வர்த்தகமே இருக்காது. இந்த மாதிரியை வழக்கமாக மடக்கை (log) எடுத்துத்தான் மதிப்பிடுவார்கள்; பூஜ்யத்துக்கு மடக்கை கிடையாது. அந்த வரிகள் கணக்கிலிருந்து நழுவிவிடும், மதிப்பீடு கோணலாகும். பொருளாதார அறிஞர்கள் சாந்தோஸ் சில்வாவும் டென்ரேரோவும் 2006இல், பூஜ்யங்களையும் விடாமல் கணக்கில் எடுக்கும் பாய்சான் முறையை முன்வைத்ததற்கு இந்தச் சிக்கலும் ஒரு காரணம். இதில் ஒருமுறை மாட்டி மீண்ட மாணவர், பிறகு எந்த அறிக்கையைப் பார்த்தாலும் விடுபட்ட தரவு எங்கே என்று கேட்பார். அந்தப் பழக்கத்துக்குத்தான் இந்தப் படிப்பு.

பட்டம் முடித்த கையோடு வங்கியிலோ பன்னாட்டு நிறுவனத்திலோ சேர வேண்டும் என்றால் கதை வேறு. நிதிநிலை அறிக்கையைப் படிக்கத் தெரிந்தவர் முதல் நாளிலேயே பயன்படுவார். இன்டர்ன்ஷிப்புக்கு ஒரு செமஸ்டரே ஒதுக்கும் பாடத்திட்டங்களும் வணிகம் கலந்த பக்கம்தான் அதிகம்.

அமெரிக்காவில் படிப்பவர்கள் பட்டத்தின் சிஐபி குறியீட்டையும் (படிப்பு எந்தத் துறை என்று காட்டும் எண்) பார்க்க வேண்டும். 45.0603 (எக்கனாமெட்ரிக்ஸும் அளவைப் பொருளாதாரமும்) ஸ்டெம் (அறிவியல், தொழில்நுட்பம், பொறியியல், கணிதம்) பட்டியலில் உள்ளது. அதனால் வெளிநாட்டு மாணவர்களுக்குப் படிப்புக்குப் பின் கிடைக்கும் 12 மாத ஓபிடி பணி அனுமதிக்கு மேல் 24 மாத நீட்டிப்புக்கு விண்ணப்பிக்கலாம். 45.0601 என்ற பொதுப் பொருளாதாரத்துக்கு அந்த வாய்ப்பு இல்லை.

இரண்டு படிப்பிலும் பொதுவாக நடக்கும் தவறு எக்ஸ்சேஞ்ச் செமஸ்டரில் (வேறொரு பல்கலைக்கழகத்தில் படிக்கும் பருவம்). ஆண்டுக்கு ஒருமுறை மட்டும் நடக்கும் கட்டாயத் தாள் அதே செமஸ்டரில் வந்தால், பட்டம் ஓராண்டு தள்ளிப்போகும். எந்தத் தாளுக்கு எது ஈடு என்று கிளம்பும் முன்பே துறையிடம் எழுத்தில் வாங்கிவிடுங்கள். பாடம் ஆங்கிலத்தில் நடந்தாலும் உள்ளூர் இன்டர்ன்ஷிப் நேர்காணல் உள்ளூர் மொழியில் இருக்கலாம். மொழி வகுப்பை முதல் செமஸ்டரிலேயே தொடங்குங்கள், மூன்றாம் ஆண்டில் அதற்கு நேரம் கிடைக்காது.