கூப்பனை எதில் போடுவது: ஸ்லாபா, ரா கார்டா, சீல் பெட்டியா?

ஈபே போன்ற தளங்கள் அவ்வப்போது கூப்பன் அனுப்பும். பத்து சதவீதம், பதினைந்து சதவீதம், அதிசயமாக எப்போதாவது இருபது. இத்தனை டாலருக்கு மேல் வாங்க வேண்டும், தள்ளுபடி இத்தனை டாலரைத் தாண்டாது, இன்றிரவோடு காலாவதி. விளையாட்டு வீரர்களின் படம் அச்சிட்ட ஸ்போர்ட்ஸ் கார்டு சேர்ப்பவருக்கு இந்த மெயில் வந்துவிட்டால் கை சும்மா இருக்காது. எதை வாங்குவது என்பதில்தான் குழப்பமே. கார்டின் நிலைக்குப் பத்துக்கு இத்தனை என்று ஒரு நிறுவனம் கிரேடு போட்டு கெட்டி பிளாஸ்டிக்கில் அடைத்து வரும் ஸ்லாப், கிரேடு போடாத ரா கார்டு, உள்ளே எந்தக் கார்டு இருக்கிறது என்று தெரியாத, பிரிக்காத சீல் பெட்டி என்று மூன்று வழிகள் இருக்கின்றன. மூன்றிலும் கூப்பனைச் செலவழித்திருக்கிறேன். இப்போதெல்லாம் எனக்கு வரும் கூப்பன் அநேகமாக ஸ்லாபுக்குத்தான் போகிறது. பாரபட்சத்தை முதலிலேயே சொல்லிவிட்டேன்.

அதற்கு முன், கூப்பன் யார் பணம் என்று பார்த்துக்கொள்ளுங்கள். தளம் தருவது ஒரு வகை, விற்பவர் தன் கடைக்கு மட்டும் போடுவது இன்னொரு வகை. விற்பவர் தரும் கூப்பனில் தள்ளுபடி அவர் பையிலிருந்து போகிறது. விலையை முன்கூட்டியே ஏற்றி வைத்து, பிறகு இறக்கிக் காட்ட அவருக்கு எல்லா வசதியும் உண்டு. தளம் தரும் கூப்பனில் விற்பவருக்கு முழு விலையும் போய்ச் சேரும், வித்தியாசத்தைத் தளம் ஏற்றுக்கொள்ளும். நான் கீழே போடும் கணக்கெல்லாம் இந்த இரண்டாவது வகைக்குத்தான். அதிலும் ஏலத்தை நான் கண்டுகொள்வதில்லை. நமக்கு வந்த கூப்பன் நம் எதிரில் ஏலம் கேட்பவருக்கும் வந்திருக்கும், அவரும் அந்தப் பதினைந்து சதவீதத்தை மனதில் வைத்துத்தான் கேட்பார். நிலையான விலை போட்ட கார்டில்தான் தள்ளுபடி நம் கையில் தங்கும்.

அடுத்தது உச்சவரம்பு. பதினைந்து சதவீதம், அதிகபட்சம் 60 டாலர் என்று ஒரு கூப்பன் வைத்துக்கொள்வோம். 400 டாலர் வரை முழுப் பதினைந்தும் கிடைக்கும். 800 டாலர் கார்டு வாங்கினால் அதே 60 டாலர் ஏழரை சதவீதமாகச் சுருங்கிவிடும். ஆக, கூப்பனே நமக்கு ஒரு விலையைக் குறித்துக் கொடுக்கிறது. அந்த விலையை ஒட்டி ஒரே கார்டாக வாங்குவது லாபம். பத்து டாலர் ரா கார்டுகளாக நாற்பது பொறுக்கினாலும் 400 வரும்தான். ஆனால் தபால் செலவுக்குக் கூப்பன் செல்லாது. பத்து விற்பவர்களிடமிருந்து பத்து கவர் வந்தால் தள்ளுபடியில் பெரும்பகுதி தபாலிலேயே கரைந்துவிடும்.

சரி, இப்போது விஷயத்துக்கு வருகிறேன். மூன்றையும் பிரிப்பது ஒரே கேள்விதான்: இந்தக் கார்டைத் திரும்ப விற்றால் என்ன கிடைக்கும்? விற்கவே மாட்டேன் என்று சொல்பவர்களும் ஒருநாள் விற்கிறார்கள். வேறு கார்டு மேல் ஆசை வரும், பணத்தேவை வரும், அலமாரியில் இடம் இருக்காது.

ஈபேயில் கார்டு விற்றால் தளத்தின் கட்டணம் 13 சதவீதத்தைச் சற்றே தாண்டும். அதுவும் கார்டின் விலைக்கு மட்டும் இல்லை, வாங்குபவர் கட்டும் தபாலையும் வரியையும் சேர்த்த மொத்தத்துக்கு. இதைக் கூப்பனுக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 400 டாலர் ஸ்லாபைக் கூப்பனில் 340-க்கு வாங்குகிறீர்கள். சந்தை விலை மாறாமல் அதே 400-க்கு விற்றால் கட்டணம் சுமார் 53 போக 347 கையில் நிற்கும். பார்சல் செலவைக் கழித்தால் போட்டது வந்தது, அவ்வளவுதான். பத்து சதவீதக் கூப்பனென்றால் 360-க்கு வாங்கி 347 பெறுகிறீர்கள், 13 டாலர் கைநஷ்டம். கூப்பனே இல்லாமல் வாங்கியவருக்கு 53 போயே போய்விட்டது.

கூப்பனில் வாங்கி விற்றுச் சம்பாதிக்கலாம் என்று கணக்குப் போடுபவர்கள் இந்த இடத்தில்தான் வழுக்குகிறார்கள். பதினைந்து சதவீதக் கூப்பன் லாபம் தராது. வாங்கின கார்டிலிருந்து பெரிய அடி இல்லாமல் வெளியே வர ஒரு கதவைத் திறந்து வைக்கும். அந்தக் கதவு திறந்திருக்க ஒரு நிபந்தனை உண்டு: 400-க்கு வாங்கியது நாளைக்கும் 400 பெறும் என்று ஓரளவுக்காவது தெரிந்திருக்க வேண்டும். அது தெரிவது ஸ்லாபில் மட்டும்தான்.

ஏனென்றால் பிஎஸ்ஏ 8 என்று (பிஎஸ்ஏ ஒரு கிரேடிங் நிறுவனம், 8 அது போட்ட கிரேடு) லேபிள் போட்ட ஒரு கார்டுக்கு, அதே வருடம், அதே கார்டு எண், அதே கிரேடில் போன வாரம் விற்ற இன்னொன்றின் விலை கண்ணெதிரே இருக்கிறது. ஈபேயில் விற்றவற்றை மட்டும் வடிகட்டிப் பார்த்தால் சுமார் மூன்று மாத விற்பனை கிடைக்கும். ஒரு சின்ன நுணுக்கம்: பேரம் பேசி முடிந்த விற்பனையில் ஈபே கேட்ட விலையை அடித்துக் காட்டுமே தவிர முடிந்த விலையைக் காட்டாது. அதற்கு 130பாயின்ட் தளத்தில் போய்த் தேட வேண்டும். நான் கடைசி ஐந்தாறு விற்பனையை எடுத்து, மேலே ஒன்று கீழே ஒன்று தள்ளிவிட்டு, நடுவில் நிற்பதைத்தான் உண்மையான விலையாக வைத்துக்கொள்கிறேன். விற்பவர் அதற்குமேல் பதினைந்து சதவீதம் ஏற்றிப் போட்டிருந்தால் கூப்பனுக்கு அங்கே வேலையே இல்லை, அடுத்த கார்டுக்குப் போய்விடுவேன். கூப்பன் நாளில் பார்க்கும் கார்டுகளில் கணிசமானவை இப்படித்தான் கழிந்துபோகும்.

ஸ்லாப் என்றாலும் கண்ணை மூடிக்கொண்டு வாங்கக் கூடாது. லேபிளில் உள்ள சான்று எண்ணை அந்த நிறுவனத்தின் தளத்தில் போட்டுப் பாருங்கள். எண் சரியாக இருந்தால் மட்டும் போதாது, உண்மையான எண்ணைப் போலி உறையில் அச்சடிப்பவர்கள் உண்டு. பல கார்டுகளுக்கு அங்கேயே படமும் இருக்கும். அதில் கார்டின் ஓரத்து வெள்ளை எந்தப் பக்கம் தடிமனாக, எந்தப் பக்கம் மெல்லியதாக இருக்கிறது என்று பார்த்து, விற்பவர் படத்தோடு ஒப்பிட்டால் இரண்டும் ஒரே கார்டா என்பது தெரிந்துவிடும். உறையின் ஓரங்கள் உடைத்து ஒட்டியது போல் வெளுத்திருக்கின்றனவா என்றும் பாருங்கள்.

யார் போட்ட கிரேடு என்பதும் விற்கும்போது விலையில் தெரியும். பிஎஸ்ஏ 1991-ல் ஆரம்பித்தது, எஸ்ஜிசி 1998-ல், பெக்கெட்டின் பிஜிஎஸ் அதற்கு அடுத்த ஆண்டு. பிஎஸ்ஏவின் தாய் நிறுவனமான கலெக்டர்ஸ் 2024-ல் எஸ்ஜிசியையும் வாங்கிவிட்டது. அப்படியும் பெரும்பாலான கார்டுகளில் ஒரே எண் கிரேடுக்கு பிஎஸ்ஏ உறைதான் அதிக விலைக்குப் போகிறது. நீங்களே வைத்துக்கொள்ளப் போகிறீர்கள் என்றால் எஸ்ஜிசியின் கறுப்புச் சட்டம் பார்க்க அழகு, விலையும் குறைவு. விற்கும் எண்ணம் இருந்தால் கூப்பனை பிஎஸ்ஏவில் போடுங்கள்.

கிரேடில் நான் உச்சிக்குப் போவதில்லை. ஃப்ளீர் நிறுவனம் 1986-ல் போட்ட கூடைப்பந்து வீரர் மைக்கேல் ஜோர்டன் கார்டு பிஎஸ்ஏ 10-ல் 2021 ஜனவரியில் 7,38,000 டாலருக்குப் போனது. அடுத்த ஒன்றரை ஆண்டுக்குள் அதே கிரேடு அந்த விலையில் மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே கைமாறியது. ஸ்லாப் கார்டின் நிலையைத்தான் உறுதிப்படுத்தும், சந்தையை அல்ல. இன்னொரு பக்கம் அப்பர் டெக் நிறுவனம் 1989-ல் போட்ட பேஸ்பால் வீரர் கென் கிரிஃபி ஜூனியர் கார்டில் பிஎஸ்ஏ 10 ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. கார்டின் அருமை அதில் கம்மி, கிரேடு எண்ணுக்குத்தான் விலை. நான் தேடுவது பேர் நிலைத்துவிட்ட வீரர், பழைய கார்டு, 5 முதல் 8 வரை கிரேடு. அடிக்கடி கைமாறும் ரகம் என்பதால் விலை பார்க்கச் சுலபம்.

ரா கார்டுக்கு வருவோம். அங்கே விற்பவரின் ‘நியர் மின்ட்’ (கிட்டத்தட்ட புதுசு) என்ற வார்த்தையும் நாலு போட்டோவும்தான் ஆதாரம். 1986 ஃப்ளீரின் சிவப்பு நீல ஓரத்திலும், டாப்ஸ் நிறுவனத்தின் 1971 பேஸ்பால் கார்டுகளின் கறுப்பு ஓரத்திலும் நகக்கண் அளவு பெயர்ந்தாலே வெள்ளை எட்டிப் பார்க்கும். ஓ-பீ-சீ நிறுவனத்தின் 1979 ஐஸ் ஹாக்கி வீரர் வேய்ன் கிரெட்ஸ்கி கார்டில் ஓரம் வெட்டியதே கரடுமுரடாக இருக்கும், போட்டோவில் அது இயல்பான வெட்டா அடிபட்டதா என்று சொல்வது கஷ்டம். பளபளப்பான புதுக் கார்டுகளில் நிலைமை இன்னும் மோசம். 2012-லிருந்து வரும் பனினி பிரிஸம் மாதிரியானவற்றில் மேற்பரப்பில் ஓடும் மெல்லிய அச்சுக் கோடு, வெளிச்சத்தைச் சாய்த்துப் பிடித்தால்தான் கண்ணில் படும். பிளாஸ்டிக் உறையோடு எடுத்த படத்தில் கீறல் உறை மேலா கார்டு மேலா என்று தெரியாது. உறையைக் கழற்றி, சாய்ந்த வெளிச்சத்தில் ஒரு படம் அனுப்பச் சொல்லுங்கள். அனுப்பாவிட்டால் அதுவே பதில்.

விற்கும்போது இதே சந்தேகம் அடுத்தவருக்கு உங்கள் மேல் வரும். 400 டாலர் ரா கார்டுக்கு அவர் 360 கேட்பார். கட்டணம் போக 312 வரும். கூப்பனில் 340 கொடுத்தீர்கள் இல்லையா, பதினைந்து சதவீதத் தள்ளுபடிக்குப் பிறகும் 28 டாலர் போச்சு. நாமே கிரேடுக்கு அனுப்பலாம் என்றால் கார்டுக்கு இருபது டாலருக்கு மேல் கட்டணம், போகவர தபால், வாரக்கணக்கில் காத்திருப்பு, எதிர்பார்த்த 8-க்குப் பதில் 6 வரும் அபாயம். 2021-ல் கார்டுகள் குவிந்து பிஎஸ்ஏ தன் பெரும்பாலான சேவைகளைக் கொஞ்ச காலம் நிறுத்தியே வைத்தது.

ஆனால் ராவை ஒரேயடியாகத் தள்ளவும் மனமில்லை. பார்க்கத் தெரிந்தவருக்கு அங்கேதான் சந்தையை வெல்ல இடம் உண்டு. ஸ்லாபில் எல்லாருக்கும் ஒரே விவரம், அதனால் ஏமாற்றமும் குறைவு, புதையலும் குறைவு. குறிப்பிட்ட மதிப்புக்கு மேற்பட்ட கார்டை நடுவில் நிபுணர் கையால் சரிபார்த்து அனுப்பும் ஏற்பாட்டை ஈபே 2022-ல் கொண்டுவந்த பிறகு, விலை கூடிய ரா கார்டில் போலி பயம் குறைந்திருக்கிறது. ஒரு செட்டில் விட்டுப்போன கார்டுகளை நிரப்புவதானால் ரா தவிர வேறு வழியில்லை. அதற்கு ஒரே விற்பவரிடம் மொத்தமாக வாங்குங்கள், தபால் ஒன்றோடு போகும்.

சீல் பெட்டி பற்றி நான் சொல்வதைக் கொஞ்சம் தள்ளுபடி செய்தே கேளுங்கள், அதில் என் அனுபவம் குறைவு. பிரிப்பதற்காக வாங்கினால் இந்தக் கணக்கெல்லாம் வேண்டாம், அது பொழுதுபோக்குச் செலவு. சராசரியாகப் பெட்டிக்குள் இருப்பது பெட்டி விலையைவிடக் குறைவாகத்தான் இருக்கும், இல்லாவிட்டால் கடைக்காரரே பிரித்திருப்பார். பிரிக்காமல் வைத்து விற்கலாம் என்றால், அதே கூப்பனில் அதே பெட்டியை வாங்கிய மற்றவர்களும் அடுத்த வாரம் அதைப் பட்டியலிடுவார்கள். புதுப் பெட்டிகளின் விலை அந்த நாட்களில் லேசாகத் தொய்வதைப் பார்த்திருக்கிறேன், எல்லாத் தடவையும் அப்படியா என்றால் அடித்துச் சொல்ல மாட்டேன். பழைய பெட்டிகளில் வேறு கவலை: சீலைப் பிரித்து மறுபடி ஒட்டுபவர்கள். விளையாட்டுக் கார்டு இல்லைதான், ஆனாலும் யூடியூபர் லோகன் பால் 35 லட்சம் டாலர் கொடுத்து வாங்கிய போக்கிமான் பெட்டிகளை 2022-ல் திறந்தபோது உள்ளே ஜி.ஐ. ஜோ கார்டுகள்தான் இருந்தன. எண்பதுகளின் கடைசியிலும் தொண்ணூறுகளின் தொடக்கத்திலும் அச்சடித்துத் தள்ளிய பெட்டிகள் மலிவாகக் கிடைக்கும். அவற்றுக்குக் கூப்பனே தேவையில்லை.

நேரலையில் பெட்டி பிரித்துப் பங்கு போடும் பிரேக் பக்கம் நான் கூப்பனைக் கொண்டுபோனதில்லை. பல கூப்பன்களில் அதற்கு அனுமதி உண்டா என்பதே நிபந்தனையைப் படித்தால்தான் தெரியும்.

வாங்குவதற்கு முன் இரண்டு விஷயம். விலைக்கு ஆஃபர் கொடுக்க இடமிருந்தால் முதலில் பேரம் பேசி, ஒப்புக்கொண்ட விலைக்குப் பணம் கட்டும்போது கூப்பனைப் போட முடிகிறதா என்று பாருங்கள். கூப்பன் எண்ணை ஏற்கும் பெட்டி கடைசிப் பக்கத்தில்தான் வரும், அதனால் ஆஃபர் பதிலுக்குக் காத்திருக்கும்போது கடிகாரத்திலும் ஒரு கண் வேண்டும். விற்பவர் மறுநாள் காலை ஒப்புக்கொண்டால் கூப்பன் அதற்குள் செத்திருக்கும். கூப்பன் வரும் மாதங்களில் நான் முன்கூட்டியே நாலைந்து ஸ்லாபைக் கண்காணிப்பில் போட்டு விலையைக் குறித்து வைப்பது இதற்காகத்தான். இரண்டாவது, திருப்பி அனுப்பினால் நீங்கள் கட்டிய தொகைதான் திரும்ப வரும், கூப்பன் பொதுவாகத் திரும்ப வராது. ஒரே கூப்பனில் மூன்று கார்டு வாங்கியிருந்தால் தள்ளுபடி மூன்றுக்கும் பிரிந்திருக்கும். ஒன்றைத் திருப்பினால் அதன் பங்கு அதோடு போய்விடும். திருப்ப நேரும் வாய்ப்பு அதிகமுள்ள ரா கார்டை ஸ்லாபோடு ஒரே கூடையில் போடாமல் தனியாக வாங்குவது நல்லது.