சோலார் ஹீட்டர் லைனுக்கு எந்த பைப்?

மொட்டை மாடியில் சோலார் ஹீட்டர் வைத்தபோது சி.பி.வி.சி. பைப் போட்டேன், வெந்நீர் தாங்கும் பிளாஸ்டிக் ரகம். இன்று கேட்டாலும் அதையேதான் சொல்வேன். ஆனால் நடுவில் ஒரு தடவை லைனைப் பிரித்து மறுபடி போட வேண்டி வந்தது.

சாதா பி.வி.சி. வெந்நீருக்கு ஆகாது, இளகிவிடும். செம்பு அருமையான சரக்கு. விலையைக் கேட்டதோடு சரி. ஜி.ஐ., அதாவது துத்தநாகம் பூசிய இரும்பு பைப், எங்கள் போர் தண்ணீருக்கு ஒத்துவராது. பழைய லைனை அறுத்துப் பார்த்தால், முக்கால் இன்ச் பைப்புக்குள் உப்பும் துருவும் போக பென்சில் நுழைகிற வழிதான் மிச்சம்.

ஆனால் ஒரு விஷயத்தில் ஜி.ஐ. ரொம்ப சாது: சூட்டில் அதிகம் நீளாது. எங்கள் மாடி லைன் 10 மீட்டர். காலையில் 25 டிகிரியில் கிடக்கும் பைப்பில் 65 டிகிரி வெந்நீர் ஓடினால் ஜி.ஐ. சுமார் 5 மில்லிமீட்டர் நீளும். செம்பு 7. சி.பி.வி.சி. 25. சாதாரண பி.பி.ஆர். (இதுவும் வெந்நீருக்கான பிளாஸ்டிக்தான்) 60, கிட்டத்தட்ட மூன்று விரல் அகலம்!

எங்கள் பிளம்பர் ஜி.ஐ.க்குப் பழகிய கை. அடிக்கு ஒரு கிளாம்ப் போட்டு இறுக்கிவிட்டார். பார்க்க நூல் பிடித்த மாதிரி இருந்தது. எட்டாவது மாதம் சுவரோரத்து எல்போவில், அதாவது பைப் திரும்பும் இணைப்பில், கசிவு. பைப் மட்டம் என்று திட்டித் தீர்த்தேன். தப்பு பைப்பில் இல்லை. பிளாஸ்டிக் நிறைய நீளுமே தவிர, முரட்டுத்தனமாகத் தள்ளாது. அதே கனத்தில் இரும்பை இப்படி அடைத்து வைத்தால் பத்து மடங்குக்கு மேல் தள்ளும். ஆனால் எங்கள் லைனில், நீண்டதெல்லாம் கடைசி எல்போவில் போய் முட்டியது. அதற்கு அப்பால் அரை அடித் துண்டு, நேராகச் சுவருக்குள், சிமெண்ட் பூசி. தினம் ஒரு தடவை வளைந்து நிமிர்ந்தால் எந்த ஒட்டு தாங்கும்?

இரண்டாம் தடவை லைன் நடுவில் 'ப' வடிவத்தில் ஒரு லூப் வைத்தோம்: கால் ஒவ்வொன்றும் ஓர் அடி, குறுக்கே அரை அடி. பைப் நீளும்போது லூப் வளைந்து அதை வாங்கிக்கொள்ளும். நான்கு எல்போவும் கொஞ்சம் பசையும்தான் கூடுதல் செலவு. கிளாம்புகளைப் பைப் வழுக்கிப் போகும்படி தளர்வாக விட்டோம். வெயிலுக்குச் சுற்றிலும் இன்சுலேஷன் குழாய். அப்புறம் இரண்டு கோடை போயிற்று, ஒரு சொட்டு இல்லை.

பி.பி.ஆர். நான் போட்டதில்லை, மச்சான் வீட்டில் பார்த்ததோடு சரி. சூடாக்கி ஒட்டும் இணைப்பு ஒரே உடம்பாகிவிடுகிறது, அதில் சி.பி.வி.சி.யை விட ஒரு படி மேல். ஆனால் வெயிலில் அவர் வீட்டு லைன் பாம்பு மாதிரி நெளிந்து கிடக்கிறது. உள்ளே கண்ணாடி இழை வைத்த ரகம் இவ்வளவு நீளாது. ரிப்பேர் என்றால் ஒட்டும் மெஷினோடு ஆள் வர வேண்டும், சி.பி.வி.சி.க்கு ரம்பமும் ஒரு டப்பா பசையும் போதும்.

எதைப் போட்டாலும் சுவரைத் துளைக்கிற இடத்தில் சிமெண்ட் பூசவிடாதீர்கள். ஒன்றரை இன்ச் பைப் துண்டு ஒன்றைச் சுவருக்குள் பதித்து, அதன் வழியே லைனை விடச் சொல்லுங்கள். எங்கள் வீட்டில் காலையில் முதல் வெந்நீர் திறக்கும்போது, அந்தத் துண்டுக்குள் பைப் மெல்ல நகர்வது கண்ணுக்கே தெரியும்.