போன் ஹெட்செட்டும் பழைய டெஸ்க்டொப்பும்: ஸ்பிளிட்டரா, யூஎஸ்பியா, புளூடூத்தா?

"தம்பி, உன்ர குரல் கிணத்துக்குள்ள இருந்து வருது" என்றார் ஸூம் வீடியோ அழைப்பில் கனடாப் பெரியம்மா. வெள்ளவத்தை வீட்டில், போனோடு வந்த ஹெட்செட்டை டெஸ்க்டொப்பின் பிங்க் துளையில், அதாவது மைக்குக்கான துளையில், செருகியிருந்தேன். காதில் வைக்கும் குமிழை எதேச்சையாக வாய்க்குக் கிட்டப் பிடித்தேன், குரல் உயர்ந்தது! மைக் வேலை செய்யவே இல்லை. இடது காது ஸ்பீக்கர்தான் மைக்காக உழைத்துக்கொண்டிருந்தது.

பிளக்கைப் பார்த்தால் விஷயம் விளங்கும். கறுப்பு வளையம் மூன்று இருந்தால் அதில் நான்கு முனைகள்: இடது, வலது, எர்த், மைக். டெஸ்க்டொப்பின் பிங்க், பச்சைத் துளைகளுக்கு வேண்டியது இரண்டு வளையமுள்ள மூன்று முனைப் பிளக். பச்சையில் செருகினால் பாட்டுக் கேட்கும், மைக் ஊமை.

மலிவான வழி ஸ்பிளிட்டர்: நாலுமுனைப் பிளக்கை மைக்குக்கு ஒன்று, காதுக்கு ஒன்று எனப் பிரித்துத் தரும் குட்டி வயர். புறக்கோட்டையில் தேடினால் கிடைக்கும். ஆனால் ஒரே மாதிரித் தோன்றும் இரண்டு வகை உண்டு. ஒரு பாட்டை இரண்டு பேர் கேட்பதற்கானதும் ஸ்பிளிட்டர்தான். அதை வாங்கி வந்து ஏமாந்தவன் நான். நமக்கு வேண்டியது ஒரு துளையும் இரண்டு வால்களும் உள்ளது, வால்களில் மைக் படமும் ஹெட்போன் படமும் இருக்கும். செருகும்போது பெட்டியின் பின்பக்கத் துளைகளையே பாருங்கள். முன்பக்கத் துளைக்குப் போகும் மெல்லிய வயர் பெட்டிக்குள் மின்சார வயர்களோடு உரசிப் போவதால் 'ங்ங்' என்ற இரைச்சலையும் கூட்டி வரலாம். மதர்போர்ட்டின் (பெட்டிக்குள் இருக்கும் பிரதான பலகையின்) ஒலிப் பகுதியே பழுதென்றால் ஸ்பிளிட்டரால் ஒன்றும் ஆகாது.

அங்கேதான் யூஎஸ்பி சவுண்ட் கார்ட் முந்துகிறது. கட்டைவிரல் அளவுதான், ஆனால் ஒலியைக் கணினிக்குப் புரியும் டிஜிட்டலாகவும் அதைத் திரும்ப ஒலியாகவும் மாற்றும் வேலையைத் தானே செய்துகொள்ளும். மதர்போர்ட்டின் ஒலிப் பகுதியைத் தொடுவதே இல்லை. நாலுமுனைப் பிளக்கை ஏற்கும் ஒற்றைத் துளை உள்ளதா என்று மட்டும் பார்த்து வாங்குங்கள். பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசாவில் எடுத்ததைத்தான் நான் இப்போது பாவிக்கிறேன். என் வாக்கு இதற்கே.

புளூடூத்? பாட்டுக்குச் சரி. பெரும்பாலான ஹெட்செட்டுகளில் மைக் திறந்த கணமே அது அழைப்பு முறைக்கு மாறி, ஸ்டீரியோ போய், ஒலி பழைய டெலிபோன் மாதிரி ஆகிவிடும். பழுதென்று நினைத்து ஹெட்செட்டைத் திருப்பிக் கொடுக்க ஓடாதீர்கள், அதன் இயல்பு அப்படி. பல டெஸ்க்டொப்பில் புளூடூத்தே இல்லை என்பது வேறு.

எதை வாங்குவதற்கு முன்னும் காசில்லாத சோதனை ஒன்று: விண்டோஸ் செட்டிங்ஸில் பிரைவசிக்குள் மைக்ரோஃபோன் அனுமதி திறந்திருக்கிறதா? அப்புறம், ஸூமுக்குள் தனியாக ஒரு மைக் தெரிவு உண்டு. யூஎஸ்பியைச் செருகிய பிறகும் ஸூம் பழைய மைக்கையே பிடித்துக்கொண்டு நின்றதால் எனக்கு ஒரு மாலை வீணானது.

இப்போது கரையோர ரயில் போவதுகூடப் பெரியம்மாவுக்குக் கேட்கிறதாம். மைக் லெவலைக் கொஞ்சம் இறக்க வேண்டும்.